உரிக்காத பிளாஸ்டிக்

பழைய போன், நான் கோப்பை கழுவும் ரெஸ்டோரன்ட்டின் தரையில் விழுந்து சிதறிய வாரம்தான் பார்த்தேன், நாட்டில் தங்க விடும் விசா அட்டை, என் காட், முடிய ஒரு மாதமே இருந்தது. புதுக் காட் எடுக்க, அதைத் தரும் அரச அலுவலகமான பிரிபெக்சரில் ரொந்தேவு, சந்திப்பு நேரம், எடுக்கவேண்டும். இணையத்தில் மட்டும்தான். காலையில் சில இடங்கள் திறக்கும், உடனே முடிந்துவிடும். காட் இல்லாவிட்டால் முதலாளி என்னை வைத்திருக்கமாட்டார்.

புதுப் போனைப் பிள்ளை மாதிரித் தூக்கிக்கொண்டு லா சப்பலில் ஒரு போன் கடைக்குப் போனேன். திரைக்குக் காப்புக் கண்ணாடி ஒட்டுவதற்குமுன், போனோடு வந்த மெல்லிய பிளாஸ்டிக்கில் கடைக்கார அண்ணை நகத்தை வைத்தார்.

"உதை உரிக்காதேங்கோ அண்ணை. அதுக்கு மேலையே ஒட்டுங்கோ."

"தம்பி, உது எறியிற சாமான்."

"இருக்கட்டும். நானும் ரெண்டு ஜாக்கெட் போட்டுத்தானே நிக்கிறன்."

"உமக்குக் குளிருது. போனுக்குமோ?" என்றபடி ஒட்டித் தந்தார். "வேலை செய்யாட்டி என்னட்டை வரக்கூடாது."

அவருக்கு எங்கள் அறை தெரியாது. மார்க்ஸ் டோர்மோயில் நானும் வன்னியிலிருந்து வந்த ஓர் அண்ணையும் இருக்கிறோம். டிவி ரிமோட் பொலித்தீன் பைக்குள். மெத்தைகளுக்கும் கடையில் வந்த பிளாஸ்டிக் உறைதான், ஒருவர் திரும்பிப் படுத்தால் அந்தச் சத்தத்தில் இருவருக்கும் விழிப்பு. உரித்தால் புதுசு போய்விடும் என்பது எங்கள் சட்டம்.

மறுநாள் காலை போனில் ரொந்தேவுப் பக்கம் திறந்தது. வியாழன் ஒன்பதரைக்கு என்று காட்டியது. ஒரேயொரு இடம். தொட்டேன், அசையவில்லை. முதல்நாள் வேலையில் சுடுதண்ணீரில் ஊறிய விரல், அதன்கீழ் கண்ணாடி, அதன்கீழ் பிளாஸ்டிக். அழுத்தினேன், குத்தினேன்.

"என்னடா, மாவோ பிசையிறாய்?" என்றார் அண்ணை, போர்வைக்குள்ளிருந்து.

"ரொந்தேவு அண்ணை! தொட்டாப் பிடிக்குதில்லை!"

அவர் எழும்பி வருவதற்குள் அந்த இடம் போய்விட்டது. போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போன் புதுசாத்தான் இருக்கும். நீதான் நாட்டிலை இருக்கமாட்டாய்."

கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து உரித்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு காலையும் ஒரே பக்கம், இடமில்லை என்ற ஒரே வரி. பிறகு வேலை, கோப்பைகள், தூக்கம். நாலாம் நாள் போன் கையிலிருந்து வழுக்கி விழுந்து, மூலையில் மயிரிழை போல வெடித்தது. கத்தக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஆறாம் நாள் காலை ஓர் இடம் வந்தது. வெடிப்புக்குப் பக்கத்தில். ஒருதரம்தான் தொட்டேன், எடுத்துக்கொண்டது.

"கிடைச்சிட்டுதோ?" என்றார் அண்ணை.

"ஓம்."

"துள்ளேல்லையோ?"

"துள்ளினா மெத்தை சத்தம் போடும் அண்ணை."

"அப்ப இனிக் கண்ணாடி ஒட்டலாம்."

"காட் கையிலை வரட்டும். அதுவரைக்கும் உது அம்மணமாக் கிடக்கட்டும்."

வேலைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. படுத்தேன். மெத்தை சரசரத்தது.