எதிர்வீட்டு டீச்சரின் வகுப்பு

ஊரடங்கின்போது தச்சநல்லூரில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு டீச்சர் இருந்தார். காலையிலேயே கஞ்சி போட்ட சேலை கட்டி, பின் குத்தி, வராந்தாவில் செல்போனுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ தொண்டை கிழியப் பாடம் நடத்துவார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் கதவோரம் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

“பாப்பாவுக்கு ஆன்லைன் கிளாஸ் இல்லையா டீச்சர்?” என்று கேட்டேன்.

“அதுவும் இதே நேரந்தான் அண்ணாச்சி. வீட்டுல இருக்கது ஒரே போனு. அதுல நான் பாடம் எடுக்கேன்லா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் அவர் எல்லாப் பிள்ளைகளின் பேரையும் வாசித்து முடித்ததும், கதவோரத்திலிருந்து சத்தமாக ஒரு குரல் வந்தது. “உள்ளேன் டீச்சர்!”

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். “ஏட்டி, சத்தம் போடாத. கிளாஸ் நடக்குல்லா?”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் இன்றுவரை விளங்கவில்லை.