ஒன்று எரியாது

புள்ளிக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அம்மாதான். "திரையில புள்ளி வைக்கிறதுக்கா இத்தனை வருஷம் படிச்சே?" என்று போனில் கேட்டவள், பிறகு வேறு பெயர் சொல்லி அழைத்ததேயில்லை. நாற்பத்தொரு வயதில் அது பழகிவிட்டது. பழகாதது மேலாளர்தான்.

அறிவியல் கூடத்து வரவேற்பறையில் சுவரளவு திரை. நடுக் கட்டத்தில் ஒன்று. அதைச் சுற்றிச் சுருளாக இரண்டு, மூன்று என்று எண்கள். பகா எண்கள் மட்டும் ஒளிர வேண்டும். அதற்காக நாலு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு ஷேடர் எழுதியிருந்தாள்: திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே நேரத்தில் ஓடும் குட்டி நிரல். ஒவ்வொரு புள்ளியும் தன் எண்ணைத் தானே வகுத்துப் பார்க்கும். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலாவது மீதியில்லாமல் வகுபட்டால் அணைந்துகொள்ளும். ஒன்றை மட்டும் அவளே அணைத்துவைத்திருந்தாள்.

மறுநாள் திறப்புவிழா. மேலாளர் மூன்றாம் முறையாக வந்து நின்றார்.

"நடுவுல இருட்டா இருக்கேம்மா?"

"அது ஒன்னு சார். ஒன்னு பகா எண் இல்ல."

"ஒன்னை வேற எவன் வகுக்கப் போறான்?"

"பகா எண்ணுக்கு ரெண்டு வகுத்தி வேணும் சார். ஒன்னுக்கு இருக்கறதே ஒன்னுதான்."

"எனக்குப் பாடம் எடுக்காதே. காலையில அது எரியலேன்னா பழைய வீடியோவையே ஓட்டிடுவேன்."

அவர் போனதும் ஏணிமேலிருந்து எலக்ட்ரீஷியன் குரல் கொடுத்தார். "ஏம்மா, ஏழேழு நாப்பத்தொம்பதுதானே? அது ஏன் எரியுது?"

அவள் நிரலைத் திறந்து பார்த்தாள். மூன்று நாளாக ஒன்றுக்காக மல்லுக்கட்டியதில் இதைக் கோட்டைவிட்டிருக்கிறாள். வீட்டுக் கணினியில் ஒழுங்காகத்தான் இருந்தது. இங்கிருந்த மலிவுக் கணினியோ, நாற்பத்தொன்பதை ஏழால் வகுத்து, ஏழுக்கு ஒரு மயிரிழை குறைவாக விடை சொல்லியிருக்கிறது. அவளுடைய நிரல் பின்னத்தை வெட்டி அதை ஆறாக்கிவிட்டது. மீதி ஏழு. மீதி இருந்தால் பகா எண்ணாம்!

வெட்டுவதற்கு முன் அரையைக் கூட்டினாள். நாற்பத்தொன்பது அணைந்தது. கூடவே அதே திருட்டு வேலை செய்த இன்னும் சில கட்டங்களும் அணைந்தன.

"இருந்ததையும் அணைச்சிட்டியா!" என்று வாசலிலிருந்து மேலாளர் அலறினார்.

காலையில் பதறிக்கொண்டு வந்தாள். சுவர் அவளுடைய சுருளோடுதான் ஒளிர்ந்துகொண்டிருந்தது. நடுக் கட்டத்தில் மட்டும் ஒரு காகிதம்: 'பழுது. விரைவில் சரிசெய்யப்படும்.' கீழே எலக்ட்ரீஷியன் ஏணியோடு நின்றார்.

"வீடியோ ஓட்டலையாண்ணே?"

"சாருக்கு இதுவே அழகா இருக்காம். நடுவுல பல்பு போச்சாம், மாத்தணுமாம். இதுல பல்பே கெடையாதுன்னு தொண்டை கிழியச் சொல்லிட்டேன்."

அவள் ஏணியில் ஏறிக் காகிதத்தைப் பிய்த்தாள். திருப்பி, பெரிதாக எழுதினாள்: 'ஒன்று பகா எண் அன்று. இது பழுதும் அன்று.'

"கீழ ஓரமா ஒட்டுங்கண்ணே. நல்லா அழுத்தி ஒட்டுங்க."

"அவரு கேட்டா?"

"பல்பு மாத்தியாச்சுன்னு சொல்லுங்க."