கதவைச் சுமந்து போகிறவள்

ஹரிஷங்கர் யாரைப் பார்த்தாலும் ஒரு வீடியோவைச் சிபாரிசு செய்துவிடுவான். ஆபீஸ் கேன்டீனில், பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பாதி திறந்தபடியும்கூட. சினிமாப் பாட்டு இல்லை. வெளிநாட்டில் பெரிய கம்பெனிகளின் தயவில்லாமல் நாலைந்து பேர் கிதாரும் டிரம்ஸுமாகச் சேர்ந்து போட்ட பாட்டுகளின் வீடியோக்கள். இண்டி என்பான், ஆல்டர்னேடிவ் ராக் என்பான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, "எங்கே பார்க்கலாம்?" என்பார்கள். டில்லியில் அதை எங்கேயும் பார்க்க முடியாது.

அப்போது அவனுக்கு முப்பத்தோரு வயது. ஒரு அமைச்சகத்தில் எல்.டி.சி., அதாவது கடைநிலைக்கு ஒரு படி மேலே உட்கார்ந்து, வந்த கடிதங்களுக்கெல்லாம் நம்பர் போடுகிற எழுத்தர். பிறந்ததும் படித்ததும் டில்லிதான். அப்பா ஓய்வுபெற்று அம்மாவோடு கும்பகோணம் போய்விட, கிட்வாய் நகரில் இரண்டு அறை குவார்ட்டர்ஸில் அவனும் மனைவி மாதுரியும் இருந்தார்கள். தமிழ் பேசுவான், எழுத்துக்கூட்டித்தான் படிப்பான்.

டிஷ் ஆன்டெனா வந்த புதிதில் ஒரு பாட்டுச் சானல் வாரம் ஒருநாள் நடுராத்திரிக்கு மேல் இந்த வீடியோக்களைப் போட்டது. ஹரிஷங்கர் வி.சி.ஆரில் நேரத்தைக் குறித்துவைத்துவிட்டுத் தூங்கிவிடுவான். காலையில் பல் தேய்த்துக்கொண்டே பார்ப்பான். சில வாரம் நிகழ்ச்சிக்குப் பதிலாக வயிற்றைக் குறைக்கும் பெல்ட் விளம்பரம் ஒரு மணி நேரம் பதிவாகியிருக்கும். அப்படியும் நான்கு வருஷத்தில் ஒன்பது காசெட் சேர்த்தான். பிறகு அந்தச் சானலும் ஹிந்தி சினிமாப் பாட்டுக்கு மாறிவிட்டது.

அந்த ஒன்பதிலிருந்து சிறந்த பத்து என்று ஒரு பட்டியலை ஆபீஸ் டைப்ரைட்டரில் அடித்து, கார்பன் வைத்துப் பிரதியெடுத்துக் கொடுத்தான். தண்ணீர் வற்றிய நீச்சல் குளத்தில் நின்று நான்கு பேர் வாசிப்பது. ஒரு கிழவர் வீட்டிலுள்ள ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்ப்பது. ஒரு பாடகி கடைசிவரை கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பாடுவது. ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி, ஏன் பார்க்க வேண்டும் என்று. மறுநாள் அந்தத் தாள் ஒன்றில் சமோசா வைத்து அவனிடமே நீட்டினார்கள்.

பட்டியலில் முதலாவது ஏழு நிமிட வீடியோ. கறுப்பு வெள்ளை. ஒரு பெண் பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள், முதுகில் ஒரு முழுக் கதவு. கடைத்தெரு, பாலம், ரயில்வே கேட் என்று நடந்துகொண்டே இருக்கிறாள். பாட்டுக்காரர்கள் ஒருமுறைகூடத் தலைகாட்டுவதில்லை. கிதார் மெல்லத் தொடங்கிச் சத்தம் ஏறிக்கொண்டே போகும். எங்கே போகிறாள் என்பது கடைசி நிமிடத்தில்தான் தெரியும். அதனால்தான் அதை முழுசாகப் பார்க்க வேண்டும் என்பான் ஹரிஷங்கர். ஆபீஸில் ஒருவருக்கு முழுசாகச் சொல்லியும் பார்த்தான். அவர், "அச்சா, வெரி நைஸ்" என்று சொல்லி ஃபைலைப் பிரித்துக்கொண்டார்.

அந்த வருஷம் கேபிள்காரர் பல்லாவுக்கு ஏதோ நோட்டீஸ் வந்தது. ஹரிஷங்கர் அதற்கு இங்கிலீஷில் பதில் எழுதிக்கொடுத்தான். நோட்டீஸ் அடங்கிப் போனதும் பல்லா, "என்ன வேணும் ஷங்கர்ஜி, சொல்லுங்க" என்றார். பல்லாவுக்குச் சொந்தமாக ஒரு வீடியோ சானல் உண்டு. சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் பின்னால் மாடியறை ஒன்றில் இரண்டு வி.சி.ஆரை வைத்துக்கொண்டு சுற்றுவட்டாரக் காலனிகளுக்கெல்லாம் படம் போடுவார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணியிலிருந்து அரைமணி நேரம் கேட்டான் ஹரிஷங்கர். கிடைத்தது.

முதல் ஞாயிறு, திரையின் அடியில் பச்சைப் பட்டை ஒன்று ஓடியது: புடவைத் தள்ளுபடி. கிழவர் உட்கார்ந்த நாற்காலி ஒன்றுகூடத் தெரியவில்லை.

இரண்டாவது ஞாயிறு கதவு வீடியோ. அவள் பாலத்தைத் தாண்டினாள், ரயில்வே கேட்டுக்கு வந்தாள். திரை கறுத்தது. பஜனை வந்தது. ஹரிஷங்கர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினான்.

"ஒரு அம்மா ஃபோன் பண்ணித் திட்டறாங்க ஷங்கர்ஜி," என்றார் பல்லா. "அந்தப் பொண்ணு நடந்துட்டே இருக்காளாம், பாட்டே வரலையாம், டேப் மாட்டிக்கிச்சான்னு கேக்கறாங்க. பப்ளிக் கோ யே நஹீ சாஹியே, ஜனங்களுக்கு இது வேண்டாம்."

"பாட்டு வந்துண்டுதானே இருக்கு! இன்னும் மூணே நிமிஷம்தான் பல்லாஜி."

"அடுத்த வாரம் பார்க்கலாம்."

அடுத்த வாரம் கிரிக்கெட். அதற்கடுத்த வாரம் மறுபடி போட்டார். மறுபடி அதே ரயில்வே கேட் வரை வந்ததும், சாப்பாட்டு நேரப் படத்தைச் சீக்கிரம் தொடங்கிவிட்டார். மாதுரி காய் நறுக்கிக்கொண்டே பார்த்திருந்தாள்.

"எதுக்கு இப்படிக் குதிக்கறீங்க? யாரு பார்க்கறா இதை?"

"யாராவது பார்ப்பா."

"கீழ் வீட்டு சுப்பு மாமாகிட்ட கேட்டேன். பதினொரு மணிக்கு அவர் டி.வி.யை ம்யூட்ல வச்சுட்டு பேப்பர் படிக்கறாராம். சத்தம் தாங்கலையாம்."

ஐந்தாவது ஞாயிறு ஹரிஷங்கரே மாடியறைக்குப் போய் வி.சி.ஆர். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். அவள் கடைத்தெருவைக் கடந்தாள். பாலத்தைக் கடந்தாள். அவன் நகம் கடித்துக்கொண்டிருந்தான். கேட் திறந்தது, முதல்முறையாக அவள் தண்டவாளத்தைத் தாண்டிக் காலெடுத்து வைத்தாள். அப்போது பல்லாவின் மச்சினர் உள்ளே வந்தார். அவர் மகளின் நிச்சயதார்த்தக் காசெட் கையில் இருந்தது. காலனியில் சொந்தக்காரர்கள் பதினொன்றரைக்குக் காத்திருக்கிறார்களாம். மணி பதினொன்று இருபத்தெட்டு. ஹரிஷங்கர் பல்லாவின் கையைப் பிடித்தான். "ஜல்தி என்ன ஜி? ரெண்டு நிமிஷம்! ரெண்டே நிமிஷம்!" பல்லா சிரித்துக்கொண்டே இன்னொரு கையால் பொத்தானை அமுக்கினார்.

கோபத்தில் அவன் காசெட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டான். அது பெரிய தப்பாகப் போயிற்று. புதன்கிழமை போய்க் கேட்டபோது பல்லா எடுத்துக் கொடுத்தார். வீட்டில் போட்டுப் பார்த்தால் மோதிரம் மாற்றுகிறார்கள், லட்டு ஊட்டுகிறார்கள். மச்சினருக்கு அவசரமாக ஒரு பிரதி வேண்டியிருந்ததாம். காசெட்டின் பின்பக்கத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதிவாகாது. ஒன்பதில் எட்டுக் காசெட்டுக்கு உடைத்திருந்தான். இதில் மட்டும் இன்னும் அரைமணி இடம் மிச்சம் இருக்கிறதே என்று விட்டுவைத்திருந்தான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை அவன் டி.வி.யே போடவில்லை. மாதுரி தன்பாட்டுக்குக் காய் நறுக்கினாள். அதுவும் அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, பால் வாங்கிக்கொண்டு படியேறும்போது சுப்பு மாமா வீட்டில் பாத்திரம் தேய்க்கும் குஞ்சம்மாள் அவனை மறித்தாள். விழுப்புரம் பக்கத்துக்காரி, நாற்பத்தைந்து வயதிருக்கும், ஜங்புராவை ஒட்டிய குடிசைகளில் இருந்து நடந்து வருபவள்.

"சார், நீங்கதானே ஞாயித்துக்கெழம அந்தக் கதவு படம் போடறது? ஐயா சொன்னாரு."

ஹரிஷங்கர் திட்டுவாங்கத் தயாரானான். "ஆமா. இனிமே போடமாட்டேன்."

"அய்ய, ஏன்? நான் மூணு வாட்டி பாத்தேன் சார். தரை தொடைக்கச்சொல்ல. மூணு வாட்டியும் புட்டுக்குனு போயிடுச்சு. அந்தப் பொம்பள எங்கதான் போறா?"

பால் பாக்கெட்டைப் படியில் வைத்தான் ஹரிஷங்கர். காசெட் அழிந்துபோன கதையைச் சொன்னான். "அப்ப வாயால சொல்லுங்க," என்றாள் அவள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு.

சொல்லத் தொடங்கினான். தண்டவாளத்தைத் தாண்டினால் ஒரு... மைதானம். இல்லை, மைதானம் இல்லை, விளைச்சல் இல்லாமல் சும்மா கிடக்கிற...

"பொட்டக் காடா?"

அதேதான். அதன் நடுவில் போய் முதுகிலிருந்து கதவை இறக்குகிறாள். கூடவே அதைச் சுற்றி ஃப்ரேம் இருக்குமே...

"நெல."

ஆமாம், நிலையோடு நிறுத்துகிறாள். கதவைத் திறக்கிறாள், அந்தப் பக்கம் போகிறாள், சாத்திக்கொள்கிறாள். கேமரா சுற்றி வருகிறது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. பாட்டு நிற்கிறது. அவ்வளவுதான். சொல்லி முடித்தபோது அவனுக்கே மயிர்க்கூச்செறிந்தது. நான்கு வருஷமாக ஒருவருக்கும் இப்படிச் சொல்ல முடிந்ததில்லை.

குஞ்சம்மாள் அவனையே பார்த்தாள்.

"வூடு?"

"வீடு இல்ல. அதுதான் அதுல..."

"அம்மாந்தூரம் தூக்கினு போயி வூடே இல்லையா?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "போன தபா எங்க ஜுக்கி குடிசைய இடிச்சானுங்க சார், புல்டோசர் வச்சி. நானுந்தான் கதவப் பேத்துத் தூக்கினு நடந்தேன். என் ஊட்டுக்காரரு தகரத்தத் தூக்கினாரு. எதுக்குத் தூக்குவோம்? வேற எடத்துல வைக்கத்தானே? இது யாரு எடுத்த படம்?"

"வெளிநாட்டுக்காரங்க."

"அதான். கதவ முதுகுல தூக்கினு அப்பிடி நெட்டா நடக்க முடியாது சார். தலையிலதான் வைக்கணும், சும்மாடு கட்டி. கனம் தெரியாதவன் எடுத்திருக்கான்."

ஹரிஷங்கர் அதற்கு விளக்கம் சொல்ல வாயெடுத்தான். கதவு என்பது கதவு இல்லை, அது ஒரு... தமிழ் வார்த்தை வரவில்லை. இங்கிலீஷில் யோசித்தான், அதுவும் அப்போது சரியாக ஒட்டவில்லை. அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, "சரி, பால் கெட்டுடப் போவுது," என்று சொல்லி உள்ளே போனாள்.

நாள் முழுக்க அவன் கடிதங்களுக்கு நம்பர் போட்டபடியே அவளோடு மனசுக்குள் வாதாடினான். ஒரு வாதத்திலும் ஜெயிக்கவில்லை. இரண்டு கடிதத்துக்கு ஒரே நம்பர் போட்டு, செக்‌ஷன் ஆபீஸர் சுந்தரேசனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அடுத்த வருஷமே ஒரு பெரிய கம்பெனி காலனியின் கேபிள் முழுவதையும் எடுத்துக்கொண்டது; பல்லா மாடியறையைக் காலி செய்து மொபைல் ஃபோன் விற்கப் போனார். குஞ்சம்மாள் வேறு ப்ளாக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். எதிரே பார்த்தால் சிரிப்பாள். படத்தைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

2007-இல் ஹரிஷங்கர் ஒரு படி உயர்ந்து யு.டி.சி. ஆகியிருந்தான். யாருடைய எந்த வீடியோவானாலும் இன்டர்நெட்டில் பார்க்கலாம் என்ற காலம் வந்துவிட்டது. சரோஜினி நகரில் ஒரு சைபர் கஃபேயில் உட்கார்ந்து அந்தக் குழுவின் பெயரைத் தட்டினான். இருந்தது. யாரோ தன் பழைய காசெட்டிலிருந்து ஏற்றியிருந்தார்கள். நடுவில் யாரும் நிறுத்தாமல் ஏழு நிமிடமும் ஓடியது.

அவன் கவனம் பாட்டில் நிற்கவில்லை. அவள் முதுகிலேயே நின்றது. வளையவே இல்லை. பாலத்தில் காற்று அடித்தபோது கதவு அட்டை மாதிரி ஆடியது; ஒரு விரலால் அதைப் பிடித்து நிறுத்தினாள். இத்தனை வருஷம் இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? யார்மீது என்று தெரியாத ஒரு ஆத்திரம் அவனுக்கு. பக்கத்துக் கம்ப்யூட்டர்காரர் திரும்பிப் பார்க்கும்படி மேஜையில் ஒரு தட்டு தட்டினான். பிறகு இன்னொரு தரம் முதலிலிருந்து பார்த்தான்.

மறுவாரம் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த சுஷ்மா என்ற பெண், கேன்டீனில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஹரிஷங்கருக்குப் பொறுக்கவில்லை. ஒரு துண்டுத் தாளில் குழுவின் பெயரை எழுதி நீட்டினான்.

"இதைப் பாரும்மா. முழுசாப் பாரு, நடுவில நிறுத்தாதே," என்றான். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, எரிச்சலோடு சேர்த்தான்: "ஆனா ஒண்ணு. அந்தக் கதவு வெறும் ப்ளைவுட்."