மரத்த கையை யாரும் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்

நான் வில்சன். என் இடக்கையை முன்வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

கோவிட் தடுப்பூசிக்குப் பிறகு தொடங்கிய மரமரப்பு இன்னும் போகவில்லை. பரிசோதனைகளில் குறை ஏதுமில்லை. காரணம் தெரியவில்லை என்கிறார் மருத்துவர்.

இன்று பாறசாலைப் பேருந்தில் பக்கத்து வீட்டு ஷீபா கைக்குழந்தையுடன் அருகில் அமர்ந்தாள். பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி போட்டாயிற்றா என்று கேட்டேன்.

"இல்ல மாமா. ஒங்க கையக் கண்ட பெறவு பேடியாக்கும்" என்றாள் பயத்துடன்.

"காரணம் எனக்கே தெரியாது மக்கா. ஒனக்கு எப்படித் தெரிஞ்சு?"

"அப்போ ஊசியால இல்லேண்ணு சொல்லுங்க, பாப்போம்!"

அப்படியும் சொல்ல முடியவில்லை. ஊசிதான் என்பவர்களுக்கும் இல்லை என்பவர்களுக்கும் விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. ஆனால் தட்டம்மை என்ன செய்யும் என்பது தெரிந்ததுதானே? அதைச் சொன்னேன்.

பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நீங்க கூட வாறதா இருந்தா போவேன்."

நாளைக் காலை போகிறேன். பிள்ளை அழுதால் ஏச்சு எனக்கு உண்டு. அனுபவமுள்ளவர்கள் சமாளிக்கும் வழி சொல்லுங்கள்.