மஞ்சள் தண்ணீரில் சறுக்கிய மோட்டார் சைக்கிள்

இன்றைக்கு அலுவிகாரையில் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போன இடத்தில் யாரைப் பார்த்தேன் தெரியுமா? ஜைனுதீன் நானாவை! கார்னிவலில் மரணக் கிணற்றின் பலகைச் சுவரில், இரண்டு கையையும் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். இப்போது வளைந்த காலை நீட்டி வைத்துக்கொண்டு டியூபுக்கு ஒட்டுப் போடுகிறார்.

எனக்கு முன்னாலேயே கார்னிவல் மேனேஜர் வந்திருந்தார். மாத்தளைத் தேர்த் திருவிழாவுக்குக் கூடாரம் போடுகிறார்களாம்.

"நீங்க ஓட்ட வேணாம் நானா. வாசல்ல கதிரை போடுறோம், சும்மா உக்காருங்க. விழுந்தவரு இவருதான்னு மைக்ல சொல்லுவோம். சனத்துக்குக் கால மட்டும் காட்டினாப் போதும்."

நானா டியூபைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஆஸியா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"நேத்து முழுக்க ஒரு சைக்கிள்தான் வந்திச்சி. இங்கயும் சும்மா நீட்டிக்கிட்டுத்தானே இருக்கீங்க? அங்க போய் நீட்டினா அரிசியாவது வரும்."

நானா எல்கடுவ தேயிலைத் தோட்ட லொறியில் கிளீனராக இருந்தவர். மலை ரோட்டில் அவர் சைக்கிளில் இறங்கிய வேகத்தைப் பார்த்துத்தான் கார்னிவல்காரர்கள் கூட்டிப் போனார்களாம்.

"நாடு முழுக்கப் போயிருப்பீங்களே நானா?" என்று கேட்டேன்.

"எங்க, மகன்! எல்லா ஊர்லயும் அந்தக் கிணத்தத்தான் பாத்தேன்."

இதே மாத்தளைத் தேர்த் திருவிழாவில்தான் விழுந்தார். காவடி எடுத்து வருகிறவர்களின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள் இல்லையா? கோயிலிலிருந்து செம்போடு வந்த ஒரு தோட்டத்துப் பெண், இவரும் நேர்த்திக்கடனுக்குத்தான் இப்படிச் சுற்றுகிறார் என்று நினைத்துவிட்டாள். கிணற்றின் விளிம்புவரை ஏறி வந்தவருக்கு, மேலே சனம் நின்று பார்க்கும் தட்டிலிருந்து ஊற்றினாள். டயர் சறுக்கியது.

நான் கேட்டேன்: "அவ மேல கோபம் வரலியா?"

"கும்பிட்டுக்கிட்டே ஊத்தினா மகன். யாரோட கோவிக்கிறது? நான் கீழ கிடந்தா, அவ மேல நின்னு நெஞ்சுல அடிச்சிக்கிட்டு அழுறா."

மேனேஜர் எழுந்தார். "அப்ப, என்ன முடிவு?"

நானா பிசின் ஒட்டிய கையைத் துடைத்தார். "அவ இன்னும் வருசா வருசம் திருவிழாவுக்கு வாறா. நான் கால நீட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்தா, அந்தப் புள்ள எந்த வழியால போவா? ஏலாது மேனேஜர் மாத்தயா. எனக்கு அலுத்துப் போச்சி."

உள்ளே அடுப்பில் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஆஸியா சொன்னார்: "மேனேஜர ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க."

சைக்கிள் வைத்திருப்பவர்களே, காற்றுப் போனால் அலுவிகாரைக்கு உருட்டிக்கொண்டு போங்கள். நண்பர்களுக்கும் சொல்லுங்கள். காலைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.