மருந்து கெட்டித்த துப்பாக்கியுடன் தென்காசிக்கு

குற்றால சீசனுக்குப் போகிறவர்கள் நல்லெண்ணெயும் மாற்றுத் துணியும் எடுத்துப் போவார்கள். 1958ஆம் வருஷம் ஆனி மாதம் நானும் என் அண்ணன் சுடலைமுத்துவும் ஒரு துப்பாக்கியை எடுத்துப் போனோம். அருவியை எட்ட நின்று பார்த்ததோடு சரி, தலை நனைக்கவில்லை. ஆகவே சாரலையும் குளிர்காற்றையும் எதிர்பார்த்து இதைப் படிக்க வருகிறவர்கள் வேறு யாராவது எழுதியதைத் தேடிக்கொள்வது நல்லது.

ஆரியங்காவுக்கு மேலே நாலு மைல் ஏறினால் வரும் தேயிலை எஸ்டேட்டில் நான் வாத்தியாரம்மா. பள்ளிக்கூடம் ஒரே அறை. அண்ணன் அங்கே ராக்காவல் பார்த்தார். யானையும் பன்றியும் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களின் பக்கம் இறங்காமல் விரட்டுவது அவர் வேலை. அதற்கு அவரிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி உண்டு. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, துணி வைத்து, ஈய ரவை போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற பழைய வகை. இளவயதில் தன் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. அண்ணி போய்ச் சேர்ந்த பிறகு அவர் துடைத்து எண்ணெய் போட்டுப் பராமரித்தது அது ஒன்றைத்தான். தன் வேஷ்டியைக்கூட அவ்வளவு அக்கறையாகத் துவைத்ததில்லை.

எஸ்டேட் கைமாறியது. புது முதலாளி புதுத் துப்பாக்கியும் புதுக் காவலாட்களும் கொண்டுவந்தார். அண்ணனை மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் மேலகரத்துத் தோட்டக்காரர் ஒருவரிடமிருந்து சேதி வந்தது. ஐந்தருவிப் பக்கம் மலையடியில் அவருக்கு மாந்தோப்பும் எலுமிச்சைத் தோட்டமும் இருந்தன. பன்றித் தொல்லை தாங்கவில்லை, துப்பாக்கியோடு வந்தால் மாதம் முப்பது ரூபாயும் ஒரு குடிசையும் தருகிறேன், வெறுங்கையோடு வருவதற்கு இந்த ஊரிலேயே ஆள் இருக்கிறது என்று சொல்லியனுப்பியிருந்தார். அண்ணனுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. எழுதப் படிக்கத் தெரியாது. துப்பாக்கி இருந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நிலைமை அவ்வளவுதான்.

அதில்தான் சட்டம் குறுக்கே வந்தது. அண்ணனின் லைசென்ஸ் முதலில் செங்கோட்டையில் எழுதியது, அது திருவிதாங்கூர் மகாராஜாவின் கீழ் இருந்த காலத்தில். பிறகு மாநிலங்களைப் பிரித்தபோது செங்கோட்டை சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று. எங்கள் மலையும் லைசென்ஸும் கேரளத்தில் நின்றுவிட்டன. கேரளத்து லைசென்ஸ் மலைக்குக் கிழக்கே செல்லாது. எங்கள் பக்கத்துப் போலீஸில் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். அந்த ஒரு நாளைக்கு மட்டும் துப்பாக்கியைக் கொண்டுபோகலாம், நேரே தென்காசி ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும், புது லைசென்ஸ் கிடைக்கிற வரைக்கும் அது அங்கேயே இருக்கும். இதைப் படித்துச் சொன்னபோது அண்ணனுக்கு வந்த கோபத்தை இன்னும் மறக்கவில்லை.

"எங்க அம்மை பொறந்தது தென்காசிப் பக்கத்துல இலத்தூரு. அம்மை ஊருக்குப் போறதுக்கு எனக்குச் சீட்டா?" என்றார்.

காலை ரயிலுக்கு ஆரியங்காவு ஸ்டேஷனில் நின்றபோது மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றி, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, அண்ணன் மார்போடு அணைத்திருந்தார். சுகமில்லாத பிள்ளையைத் தூக்கிப் போகிற மாதிரி இருந்தது. இரண்டு பேருக்கும் தென்காசி வரை டிக்கெட் ஒரு ரூபாய்க்குள் முடிந்தது. ஸ்டேஷனைத் தாண்டியதும் மலைக்குகை. எல்லாரும் ஜன்னலைச் சாத்தியும் கரிப்புகை உள்ளே வந்து நிறைந்தது. இருட்டில் யாரோ இருமிக்கொண்டே இருந்தார்கள். குகை முடிந்து பகவதிபுரம் பக்கம் வெளியே வந்தால் மழை இல்லை. வெளுத்த வானம், பனை, காய்ந்த புல், ஓயாத காற்று. எங்கள் பக்கத்துப் பச்சையெல்லாம் ஒரே நொடியில் தீர்ந்துபோனது.

எதிர்ப்பலகையில் புளியங்குடிக்காரர் ஒருவர் இருந்தார். எலுமிச்சை கமிஷன் வியாபாரம். புனலூருக்குச் சரக்கு அனுப்பிய பாக்கியை வசூலித்துத் திரும்புகிறாராம். கம்பளிக்குள் என்னவென்று கேட்டார். அண்ணனுக்குப் பதில் நான்தான் சொன்னேன். உடனே தம் பெட்டியை ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டார். பிறகு தமக்குத் தெரிந்த ஒரு மிராசுதாரின் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனதையும், அது திரும்புவதற்குள் மிராசுதாரே போய்ச் சேர்ந்ததையும் விஸ்தாரமாகச் சொன்னார். இப்படிப்பட்ட ஆறுதல்காரர்கள் இல்லாத ரயில் பெட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை. செங்கோட்டை வந்ததும் அண்ணன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். மாநிலம் பிரிகிற வரைக்கும் லைசென்ஸ் புதுப்பிக்க வருஷா வருஷம் அவர் இறங்கிய ஸ்டேஷன் அது. இறங்காமல் தாண்டிப்போனது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

அங்கிருந்து ஐந்து மைல் தென்காசி. பத்து மணி சுமாருக்கு இறங்கினோம். பெரிய கோயிலின் கோபுரம் பிளந்து மொட்டையாக நின்றது. குற்றாலத்துக்குப் போகிற கூட்டம் பஸ்ஸுக்கு முண்டியடித்தது. எல்லார் தலையிலும் எண்ணெய், எல்லார் முகத்திலும் சிரிப்பு. நாங்கள் குதிரை வண்டிக்கு நாலணா கொடுத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். நயா பைசா வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் வண்டிக்காரர் அணாவில்தான் பேசினார்.

ஸ்டேஷன் ரைட்டர் ஐம்பதை நெருங்கியவர், நிதானமான மனிதர். எனக்கு ஸ்டூல் போடச் சொன்னார். சீட்டைப் படித்தார், லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணன் தாங்கமாட்டாமல், நாங்களும் தமிழ் ஆட்கள்தான், வேற்று நாட்டுக்காரர்கள் இல்லை என்று ஆரம்பித்தார்.

"நீங்க தமிழ்தான் அண்ணாச்சி. லைசென்ஸுல்லா மலையாளத்துல இருக்கு" என்றார் ரைட்டர். கேலி செய்கிற மாதிரி சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் வினை. துப்பாக்கியை வாங்கியவர் அதோடு இருந்த இடிகம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தார். வெறுங்குழல் என்றால் கம்பி முழுக்க உள்ளே போக வேண்டும். நாலு விரற்கடை வெளியே நின்றது. ரைட்டர் கம்பியை மெதுவாக உருவினார், துப்பாக்கியை மேஜையில் வாய் சுவரைப் பார்க்கும்படி வைத்தார், எங்களைப் பார்த்தார்.

மலையில் காவல்காரன் துப்பாக்கியைக் கெட்டிக்காமல் வைப்பதில்லை. வெடித்ததும் மறுபடி கெட்டித்து வைப்பது அவர்களுக்குச் சோறு தின்ற கையைக் கழுவுவது மாதிரி. கடைசிக் காவலிலும் அண்ணன் அப்படியே கெட்டித்து வைத்துவிட்டார். தீப்பொறி கொடுக்கிற கேப்பை வைக்காமல் அது வெடிக்காது, அதனால் அதைச் சொல்ல வேண்டிய விஷயமாகவே அவர் நினைக்கவில்லை. அடைத்த மருந்தைத் திருகி எடுக்கிற முறுக்குக் கம்பி ஒன்று உண்டு. அது எஸ்டேட் கம்பெனிச் சாமான், மருந்துப் பெட்டியோடு திருப்பிக் கொடுத்தாயிற்று. அண்ணனுக்குத் தெரிந்தவரை துப்பாக்கியைக் காலி செய்ய ஒரே வழி வெடிப்பதுதான். வெளியே போய் வானத்தைப் பார்த்து ஒன்று வெடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார்.

"வெடிச்சா கேஸு, அண்ணாச்சி. இங்கன உங்களுக்கு லைசென்ஸ் கிடையாது. மருந்தோட உள்ள வைக்கவும் எனக்கு அதிகாரம் இல்ல" என்றார் ரைட்டர். "சீட்டு இன்னைக்கு முழுக்கச் செல்லும். சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிக் கொண்டாங்க. நாளைக்கு இது உங்க கையில இருந்தா நான் உங்களையும் சேத்துல்லா வைக்கணும்."

வெடித்தாலும் குற்றம், வைத்திருந்தாலும் குற்றம், கொடுத்தால் வாங்கமாட்டார்கள். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். இந்தக் கணக்கு எனக்கு விடை தெரியாத கணக்காக இருந்தது. இந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்தவர் தோட்டக்காரர் ஒருவர்தான். அவரையே போய்ப் பார்ப்போம் என்று பஸ் ஏறினோம்.

தென்காசியிலிருந்து மேலகரம் வழியாகக் குற்றாலம் மூன்று மைல் சொச்சம். பஸ்ஸில் ஆளுக்கு இருபது நயா பைசா. பேரருவியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் பஸ் நிற்பதற்கு முன்பே கேட்டது. கரையெல்லாம் எண்ணெய் தேய்க்கிறவர்கள், மங்குஸ்தான் விற்கிறவர்கள், ஈரத்துணியோடு ஓடுகிற பிள்ளைகள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே மருந்து கெட்டித்த துப்பாக்கியை அணைத்தபடி அண்ணன் யார் மேலும் படாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார். ஐந்தருவிச் சாலையில் நடந்து தோட்டத்தை அடைந்தபோது மணி ஒன்று இருக்கும்.

தோட்டக்காரர் கெட்டவர் இல்லை. இலை போட்டுச் சோறு போட்டார். தோட்டத்துக்குள் ஒரே ஒரு வெடி வெடித்துக்கொள்கிறேன் என்று அண்ணன் கேட்டதும் பதறிவிட்டார். சீசன் நேரம், சுற்றியுள்ள பங்களாக்களில் எல்லாம் பெரிய அதிகாரிகள் குடும்பத்தோடு தங்கியிருக்கிறார்கள், சத்தம் கேட்டால் முதலில் தம் வீட்டு வாசலில்தான் ஜீப் நிற்கும் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். வக்கீலிடம் விசாரித்தாராம். பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் நிலம் உள்ளவன் பேருக்குத்தான் கிடைக்கும். ஆகவே அண்ணன் துப்பாக்கியைத் தோட்டக்காரர் பேருக்கு மாற்றித் தர வேண்டும். லைசென்ஸ் வந்ததும், அண்ணன் அவருடைய ஆளாக அதைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். எப்போது வரும் என்றால் ஆறு மாதமும் ஆகும், இரண்டு வருஷமும் ஆகும். அதுவரை பாதிச் சம்பளம். பன்றி வந்தால் தகரத்தைத் தட்ட வேண்டும். இங்கே எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான்.

அண்ணன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், வாயில் வைக்கவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்துவிடலாம் என்று எனக்கு ஆத்திரம். ஆனால் எழுந்து வந்தால் எங்கே போவது? எஸ்டேட்டில் அவர் லயத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. நான் படுக்கிற பள்ளிக்கூட அறையில் ஒரு பாய்க்குத்தான் இடம். கடைசியில் அண்ணனே சரி என்றார். இப்போது உள்ளே இருப்பதை எப்படிக் காலி செய்வது என்று மட்டும் கேட்டார்.

"இது என்ன பிரமாதம்? குழல்ல ஒரு செம்புத் தண்ணிய ஊத்தும். மருந்து செத்துரும்" என்றார் தோட்டக்காரர்.

அவர் தெரியாமல் சொன்னார். எங்கள் மலையில் காவல்காரனின் துப்பாக்கிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவன் செத்த அன்றைக்குத்தான். அவன் கெட்டித்து வைத்ததை இன்னொருவன் வெடிக்கக் கூடாது என்று, பிணத்தை எடுப்பதற்கு முன்னால் இரத்த உறவில் ஒருவர் குழலின் வாயில் தண்ணீர் ஊற்றி மருந்தை அணைப்பார்கள். எங்கள் அப்பாவும் காவல்காரர்தான். அவர் துப்பாக்கி கம்பெனியுடையது. அவர் இறந்தபோது அண்ணன் ஊற்றிக் கொடுத்தார், நான் பக்கத்தில் நின்றேன். தோட்டக்காரரிடம் இதை நான் சொல்லப்போனேன். அண்ணன் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, தோட்டத்து ஓரமாக ஓடிய வாய்க்காலுக்கு நடந்தார். ஐந்தருவித் தண்ணீர் அது, கண்ணாடி போலத் தெளிவு.

கம்பளியைப் பிரித்தார். துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு செம்பை என் கையில் கொடுத்தார்.

"நீ ஊத்து ஏட்டி. அவனவன் கையால ஊத்திக்கிடப்பிடாது."

"நீங்க உயிரோட இருக்கீயளே அண்ணே" என்றேன்.

"ஊத்து. நேரமாவுது."

ஊற்றினேன். தண்ணீர் உடனே உள்ளே இறங்கவில்லை. குமிழிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. இரண்டு செம்பு பிடித்தது. கறுப்புத் தண்ணீர் கேப்பு வைக்கிற துளை வழியாகக் கசிந்து அண்ணனின் கையில் ஓடியது. அவர் அதைத் துடைக்கவில்லை. நான் அழுதேன். தோட்டக்காரர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, இதற்குப் போய் வாத்தியாரம்மா ஏன் அழுகிறாள் என்று தோட்டத்து ஆளிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

நாலரை மணிக்கு மறுபடி தென்காசிப் போலீஸ் ஸ்டேஷன். ரைட்டர் குழலை மோந்து பார்த்தார், சாய்த்து ஆட்டிப் பார்த்தார், இனி இது வெடிக்காது என்று வாங்கிக்கொண்டார். துப்பாக்கியில் ஒரு அட்டையைக் கட்டினார். யார் பேருக்கு மனுப் போடப்போகிறீர்கள் என்று கேட்டார். அண்ணன் தோட்டக்காரர் பேரைச் சொன்னார். தன் பேரைச் சொல்கிற மாதிரியே நிதானமாகச் சொன்னார். உள்ளறையில் ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு துப்பாக்கிகள் சுவரில் சாய்ந்து நின்றன. இதையும் அந்த வரிசையில் வைத்துப் பூட்டினார்கள். ரசீதை என் கையில் கொடுத்தார்கள். நான் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

என்னை ரயில் ஏற்றிவிட வந்தார். வெறுங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். தகரம் தட்டுகிறதெல்லாம் கஷ்டமில்லை என்று எனக்குத் தைரியம் சொன்னார். வண்டி அசைந்த பிறகு ஜன்னலோரம் கூடவே நடந்து வந்தவர், லயத்தில் யாராவது கேட்டால் தண்ணீர் ஊற்றியதைச் சொல்லாதே என்றார். சொல்லமாட்டேன் என்றேன்.

குகைக்குள் போய் வெளியே வந்தால் பழையபடி மழை. எங்கள் ஊர் எப்போதும் இருக்கிற மாதிரியே இருந்தது, பச்சையாக, நனைந்து, அட்டைப்பூச்சியோடு. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மலைதான். மரமும் மழையும் மாறுவதை ஜன்னல் வழியாகப் பார்க்க முடிகிறது. ஒரு மனிதன் எந்த இடத்தில் காவல்காரனாக இல்லாமல் போகிறான் என்பது பார்த்தால் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்து வாசலில் கொழுந்து பறிக்கிற பெண்கள் நாலைந்து பேர் கூடைகளோடு காத்து நின்றார்கள். அத்தனை வருஷம் அவர் வெடிச்சத்தத்தைக் கேட்டுத் தைரியமாகத் தூங்கியவர்கள். அண்ணாச்சிக்கு வேலை அமைந்ததா என்று கேட்டார்கள். அமைந்தது என்றேன். வயதில் மூத்தவளாக இருந்தவள், "அங்கனயும் ராத்திரி வெடிக்காரா டீச்சர்?" என்று கேட்டாள்.

"வெடிக்காரு" என்றேன். அவர்கள் சந்தோஷமாக மலையேறிப் போனார்கள். நான் உள்ளே போய்ப் பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு எடுத்தேன்.