தண்ணி விடுற கூட்டம்

எங்கள் பக்கத்தில் தண்ணி என்றால் இரண்டு. ஒன்று பெரியாற்று அணையிலிருந்து வயலுக்கு வருவது. இன்னொன்று கடையிலிருந்து வீட்டுக்கு வருவது. இரண்டாவதில்தான் எங்கள் அப்பா முழுகிக் கிடந்தார்.

காமயகவுண்டன்பட்டியில் கிணற்றுப் பாசனத்தில் அவருக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் இருந்தது. குடித்த காலத்தில் கூட்டாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. விட்டுவிடலாம் என்று வாயெடுத்ததும் ஒருவரையும் காணோம். சொந்தக்காரர்கள் விசேஷத்துக்கு அம்மாவை மட்டும் அழைத்துவிட்டுப் போனார்கள். என்னோடு விளையாடுகிற பிள்ளைகள்கூடத் தெருவில் நின்றுதான் கூப்பிடும். வீட்டில் மூன்று பேர் இருந்தோம், மூன்று பேரும் தனித்தனியாக இருந்தோம்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், ஆஸ்பத்திரி நர்சம்மா அம்மாவிடம் ஒரு சேதி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடலூரில் ஒரு கூட்டம் நடக்கிறதாம். குடியை நிறுத்தியவர்களும் நிறுத்த நினைப்பவர்களும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவார்களாம். பேர், ஊர் கேட்க மாட்டார்களாம். கூடலூரில் எந்த இடம் என்று கேட்டு வைக்க அம்மாவுக்குத் தோன்றவில்லை. யார் காதிலாவது விழுந்துவிடும் என்று பேச்சை அத்தோடு முடித்துக்கொண்டாள். அப்பா குடிப்பது ஊருக்கே தெரியும். அதை நிறுத்தக் கூட்டத்துக்குப் போவதுதான் எங்கள் வீட்டில் ரகசியம்.

“பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க” என்றாள் அம்மா. காவலுக்கு அனுப்புகிறாள் என்று தெரியாமல் நான் புதுப்பாவாடை கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கம்பத்தில் பஸ் மாறிக் கூடலூரில் இறங்கினோம். ஜீப்காரர்கள் குமுளி, குமுளி என்று கூவிக்கொண்டிருந்தார்கள். அப்பா யாரிடமும் கேட்காமல் வெகுநேரம் நின்றார். கடைசியில் டீக்கடைக்காரரிடம் போய்ப் பாதிக் குரலில் விசாரித்தார்.

“தண்ணி விடுறது சம்பந்தமா ஒரு கூட்டமாம். எங்கன நடக்கு?”

“அந்தா, அந்த மண்டபந்தான். வெரசாப் போங்க, ஆரம்பிச்சிட்டாக.”

மண்டபத்தில் உட்கார இடமில்லை. அப்பா எட்டிப் பார்த்து, “இம்புட்டுப் பேரா!” என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. பாதிப் பேர் தோளில் பச்சைத் துண்டு. அது விவசாயிகள் கூட்டம் என்று வேறு யாருக்கும் ஒரு நொடியில் பிடிபட்டிருக்கும். கிணற்றுப் பாசனக்காரரான அப்பாவுக்கு அந்தக் கூட்டங்கள் பழக்கமில்லை. போதாததற்குத் தலையை வேறு குனிந்துகொண்டார்.

“தண்ணிய விட்டாத்தான் நம்ம பிள்ளைக சோறு திங்கும்” என்றார் ஒருவர். அப்பா தலையாட்டினார். “விடுறேன் விடுறேன்னு போன வருசமும் இதையேதான் சொன்னாக, விட்டாகளா?” என்றார் இன்னொருவர். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ, “புதுசா வந்திருக்கீக, நீங்களும் சொல்லுங்கண்ணே” என்றதும் எழுந்தே விட்டார்.

“எனக்கும் விடணும்னுதான் இருக்கு. காலையில விட்டுர்றேன். பொழுது சாஞ்சா கை தானாப் போயிருது. இந்தா, இந்தப் பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியும் விட முடியல.”

முன்வரிசைக்காரர் கோபமாகத் திரும்பி, “அப்ப மதகுச் சாவி உங்க கையிலயா இருக்கு? எந்த ஆபீஸு நீங்க?” என்றார். அதற்குள் பின்னால் ஒருவருக்குப் புரிந்துவிட்டது. “ஏலே, இவுக சொல்றது அந்தத் தண்ணிடா!” புரிந்தவர்கள் சிரித்தார்கள். புரியாதவர்கள் புரிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு சிரித்தார்கள். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். அன்று அவர்களுக்கு ஒரு நல்ல சிரிப்புக் கிடைத்தது, அவ்வளவுதான்.

அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். எதிர்ச் சாரியில் கடை திறந்திருந்தது. அவர் பிடி தளர்ந்தது. “ஆத்தா, நீ இங்கனயே நில்லு. இந்தா வந்துர்றேன்” என்றார். எனக்குத்தான் ஏதோ வாங்கித்தரப் போகிறார் என்று நம்பி, நல்ல பிள்ளையாகச் சரி என்றேன்.

“அண்ணே, செத்த நில்லுங்க.” மண்டபத்திலிருந்து ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். “நான் ரெண்டு கூட்டத்துக்கும் போற ஆளு. நீங்க தேடி வந்தது பள்ளிக்கூடத்துல நடக்கு. அங்கனதான் போறேன், வாங்க.”

“வேணாம்ப்பா. ஊர் சிரிச்சது போதும்.”

“நான் சிரிச்சேனாண்ணே?”

அப்பா கடையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பிறகு சைக்கிளுக்குப் பின்னால் நடந்தார். எனக்கு ஒன்றும் வாங்கித்தராமலே போகிறோமே என்று நான் சிணுங்கிக்கொண்டே போனேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு வகுப்பறை திறந்திருந்தது. வாசலில் சில சோடிச் செருப்புகள் கிடந்தன. என்னைப் படியில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். லீவு நாள் மைதானத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. அழுகை வந்தது. அவ்வளவு பெரிய மண்டபத்தை விட்டுவிட்டு இந்த நாலு பேரிடம் வந்தோமே என்று அப்பாவை நினைத்தும் கஷ்டமாக இருந்தது.

உள்ளே அப்பா குரல் கேட்டது. அதே பேச்சுதான். காலையில விட்டுர்றேன், கை தானாப் போயிருது, பிள்ளை தலையில சத்தியம். முடித்தார். சிரிப்புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பாவம், இங்கே யாருக்குமே புரியவில்லை. உள்ளே போய், அது அந்தத் தண்ணி என்று எடுத்துச் சொல்லிவிட்டு வரலாமா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.